செக்‌ஷனில் ஆள் இருக்கிறது

ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், ரயில்வேயின் அத்தனை விதிகளுக்கும் கட்டுப்பட்டு வாழ்கிற மனிதர் இந்தத் துணைக்கண்டத்தில் ஒருவர்தான் உண்டு என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அது தேவைப்பட்டதில்லை. வேலந்தாவளம் முக்கில் இறங்கி டோக்கன்காரர் வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர் வழி சொல்வதற்கு முன் நம்மையே ஒரு கேள்வி கேட்பார்.

"ஏனுங்க, அவசரமாப் போறீங்களா, சாவகாசமாப் போறீங்களா? அவசரம்னா அவரைக் கேட்டுக்கு வெளியில வரச் சொல்லிப் பேசிக்குங்க. உள்ள போயிட்டீங்கன்னா லைன் கிளியர் ஆகோணும்."

எனக்கு யாரும் இந்த எச்சரிக்கையைச் சொல்லவில்லை. சமூகப்பணியில் பட்டம் பெற்று, வடகரப்பதிப் பக்கத்துக் குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவைக்கும் உறுதியோடு ஒரு கணக்கெடுப்பு வேலைக்கு வந்த நான், அவர் வீட்டின் பின்பக்க அறைக்கு வாடகைக்குக் குடிபோனேன். கையில் படிவக் கட்டோடு அலையும் பெண் யாராக இருந்தாலும் அந்தப் பகுதியில் டீச்சர்தான். நானும் டீச்சரானேன். முதல் நாள் பெட்டியோடு வீட்டின் பக்கவாட்டு நடையில் நுழைந்தபோது இடுப்பு உயரத்தில் ஒரு பலகை குறுக்கே மறித்தது. அதைத் தூக்கக் கை வைத்தேன்.

"டீச்சர், கைய எடுங்க. நாலு பத்து வண்டி வருது."

சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ரயில் வெளியே வந்தது. சோப்பு டப்பா அளவில் ஓர் இன்ஜின், பின்னால் நான்கு பெட்டிகள். பலகையின் மேல் ஒரு கம்பளிப்பூச்சியின் கண்ணியத்தோடு ஊர்ந்து, எதிரே மாட்டுச்சாளைக்குள் நுழைந்து மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு பசு லேசாகக் கனைத்து அதன் வருகையை உறுதிசெய்தது. அதன் பிறகுதான் நான் என் வாடகை அறைக்குப் போக அனுமதிக்கப்பட்டேன்.

டோக்கன்காரர் கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். அந்த ரயிலின் சக்கரம் முதல் புகைபோக்கி வரை அவர் கையால் கடைந்தது. அதை விளையாட்டுச் சாமான் என்று சொன்னவர்களுக்கு அந்த வீட்டில் தேநீர் கிடைத்ததில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"நேரோ கேஜுங்க டீச்சர். மலை ஏறுற வண்டிக்கு ஒடம்பு ஒடுக்கமா இருக்கோணும். அகலமா இருந்தா வளைவுல திரும்பாது" என்று விளக்கியவர், தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "நானெல்லாம் பிராட் கேஜுங்க. தரையிலதான் ஓட முடியும்" என்றார்.

அந்தப் பாதையின் ஒரு முனை வீட்டுக்குள் ஓர் அறையில் இருந்தது, பெயர் வேலந்தாவளம். மறுமுனை மாட்டுச்சாளையில் இருந்தது, பெயர் தேயிலைமேடு. சாளையில் முன்பு இரண்டு பசுக்கள் இருந்தனவாம். மலைப்பகுதியை விரிவாக்க வேண்டி வந்தபோது ஒன்றைச் சந்தையில் விற்றுவிட்டார். வளர்ச்சித் திட்டங்களுக்காக இடம் பெயர்க்கப்பட்டவர்கள் குறித்து நான் கல்லூரியில் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தப் பசுவை அதில் சேர்க்க முடியாமல் போனது இன்றும் எனக்கு ஒரு குறைதான்.

இப்படி ஒரு ரயில் பாதை உலகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சமவெளிச் சந்தையூரிலிருந்து இடுக்கி மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு யாரும் தண்டவாளம் போட்டதில்லை. டோக்கன்காரர் போட்டதற்குக் காரணம் அவர் மனைவி மல்லிகாக்கா. அக்கா பிறந்து வளர்ந்தது மூணாறுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அந்த ஒற்றை அறை நம்முடையது. அக்காவின் பெற்றோர் ஓய்வு பெற்றதும் அறையைக் கொடுத்துவிட்டு, தாத்தா காலத்தோடு உறவு அறுந்துபோன திருநெல்வேலிப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆக, கல்யாணமான முதல் தீபாவளிக்குத் தாய்வீடு போக வேண்டும் என்று அக்கா கேட்டபோது, போவதற்கு அவர் வளர்ந்த வீடு அவர்களுடையதாக இல்லை.

"அழுதாளுங்க டீச்சர். நான் என்ன பண்றது? ஊடு இல்லீன்னா என்ன, ரயிலு வுடலாமேன்னு தோணுச்சு."

இந்தத் தர்க்கத்தை நான் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கிறேன். எங்கே தவறு என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மல்லிகாக்காவுக்கு அந்தச் சிரமம் இல்லை. "நான் ரயிலா கேட்டேன்? பஸ்ஸுல ஒருக்கா கூட்டிட்டுப் போயி, இந்தா இதுதான் நீ இருந்த ரூமுன்னு காட்டிட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும். இந்த மனுஷன் இருவத்தஞ்சு வருஷமா தண்டவாளம் போட்டுக்கிட்டிருக்காரு" என்பார். சொல்லிக்கொண்டே மலைச்சரிவில் தேயிலைச் செடி நடுவார். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பொடியாக நறுக்கி, ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்டுவது அவர் வேலை. செடிகளுக்குக் கீழே மண்ணாகக் கிடப்பது, காய்ச்சி வடித்து வெயிலில் உலர்த்திய தேயிலைத்தூள். சாயம் போட்ட மரத்தூளைக் கணவர் சிபாரிசு செய்தபோது அக்கா ஒப்பவில்லை. தன் மலையின் மண் இந்த நிறம்தான் என்றார்.

இதன் விளைவை வீட்டுக்கு வருகிறவர்கள் அனுபவித்தார்கள். மலை சரிந்த இடத்தை நிரப்பத் தூள் வேண்டும். தூள் வேண்டுமென்றால் யாராவது டீ குடித்தாக வேண்டும். "இன்னொரு கிளாஸ் குடிங்க டீச்சர், ரெண்டாம் வளைவுல பள்ளமாக் கெடக்கு" என்று அக்கா நீட்டும்போது மறுக்க மனம் வராது. அந்த மலைத்தொடரில் ஏறக்குறைய ஒரு குன்று நான் தனியாகக் குடித்தது.

மகள் பவித்ராவின் பங்கு தண்டவாளத்துக்கு அடியில் இருந்தது. சிறுமியாக அவள் தின்ற ஐஸ் குச்சிகள் அத்தனையும் குறுக்குக் கட்டைகளாக வரிசையில் கிடந்தன. அவளுக்குத் தொண்டை வீங்கிய மாதங்களில் மட்டும் பாதைப்பணி நிறுத்தி வைக்கப்பட்டதாம். நான் குடிபோனபோது அவள் பாலக்காட்டில் நர்சிங் முடித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். பணி முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு வேலந்தாவளம் ஸ்டேஷன் மாஸ்டராகப் பொறுப்பேற்பாள். அப்பா டிரைவர், அம்மா தேயிலைமேட்டின் பொறுப்பாளர். மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்துகொண்டு, எட்டடி தூரத்தில் நிற்பவரை மலை கடந்து கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு ரயில் விடுவார்கள்.

இனி டோக்கனுக்கு வருகிறேன். அந்தப் பக்கவாட்டு நடைதான் கேட்டிலிருந்து வீட்டுக்கு ஒரே வழி. குழாய், குளியலறை, மாட்டுச்சாளை, என் அறை எல்லாம் அதைத் தாண்டித்தான். ரயில் போகும் பலகையைத் தூக்கினால்தான் மனிதர் போகலாம். இறக்கினால்தான் ரயில் போகலாம். நான் வருவதற்கு முன் ஒரு நாள், சொந்தக்காரர் ஒருவர் பலகையைத் தூக்கிய நேரத்தில் ரயில் வந்து, மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குள் முழு வண்டியாக இறங்கிவிட்டது. பசு பாதி கழுநீரைக் குடித்து முடித்த பிறகுதான் கடைசிப் பெட்டி கிடைத்ததாம். அன்று டோக்கன்காரர் பழைய பேப்பர் கடையில் எப்போதோ வாங்கிவைத்த ரயில்வே விதிப்புத்தகத்தைத் திறந்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டிகள் மோதாமல் இருக்க அந்தக் கால ரயில்வே கண்டுபிடித்த வழி அதில் இருந்தது. ஒரு பகுதிக்கு ஒரே ஒரு டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் நுழையலாம்.

பவித்ரா சிறுமியாக இருந்தபோது போட்டுக் கழித்த பித்தளை வளையலை அகட்டி, அதில் ஒரு வில்லையைக் கடைந்து பொருத்தி, இரண்டு ஊர்ப் பெயரையும் பொறித்தார். நடையின் இரு பக்கமும் கொக்கி அடித்தார். டோக்கனை எடுத்தால்தான் கடக்கலாம். கடந்ததும் பலகையை இறக்கி, டோக்கனை மாட்டி, "செக்‌ஷன் காலி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை ரயில் நகராது. ரயில் டோக்கனோடு உள்ளே இருந்தால் ஆள் நகர முடியாது.

பஞ்சாயத்து மெம்பர் ஒருமுறை வரி விஷயமாக வந்து, கடந்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போனில் பேசிக்கொண்டே நின்றார். டோக்கன்காரர் பொறுமையாக அருகில் போய், "மெம்பரே, நீங்க இன்னும் செக்‌ஷனுக்குள்ளதான் இருக்கறீங்க" என்றார். மெம்பர் சுற்றும்முற்றும் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பதில் அவருக்கு அதுவரை சந்தேகம் இருந்ததில்லை.

என் குற்றம் அதைவிடப் பெரியது. கணக்கெடுப்பில் அலைந்து களைத்து வந்த ஒரு மதியம், டோக்கனைக் கையில் வைத்தபடியே அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். கண்விழித்துக் கதவைத் திறந்தால் வாசலில் முக்காலி போட்டு டோக்கன்காரர் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரமாக.

"தட்டியிருக்கலாமேங்க" என்றேன், வெட்கத்தோடு.

"அதெப்படிங்க டீச்சர்? செக்‌ஷன்ல ஆள் இருக்கறப்ப அவசரப்படுத்தக் கூடாதுங்க. அவங்களா வந்து சேரோணும்."

பவித்ராவைப் பெண் பார்க்க வந்த குடும்பமும் இந்த விதிக்குத் தப்பவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நடுநடையில் நின்று, "நான் எதுக்குங்க கத்தோணும்?" என்று கேட்டார். கத்த மறுத்தார். நாலு பத்து வண்டி நின்றது, சம்பந்தமும் நின்றது. அன்று மாலை பவித்ரா ரயிலை ஒரு முறை கூடுதலாக ஓட்டியதை நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த ஆண்டு அவளுக்கு அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. டோக்கன்காரர் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "அங்க குளிருமுங்களா டீச்சர்?" என்று என்னிடம் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் குளிரும் என்று சொன்னேன். சமூக நோக்கில் யோசித்தால் ஒரு பெண் தன் காலில் நிற்கப் புறப்படுவது நல்லது என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வாரம் அவர் இன்ஜினுக்குத் தேவையில்லாமல் மூன்று தடவை எண்ணெய் போட்டதையும் கவனித்தேன்.

புறப்படும் நாளில் பவித்ரா சாளைக்குப் போய்ப் பசுவைத் தடவிக்கொடுத்துவிட்டு, டோக்கனை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு நடையைக் கடந்தாள். பணியில் இருக்கும்போது வளையலாக அதைப் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். இரு கையிலும் பெட்டி. வாசலில் கார் ஹாரன் அடித்தது. அப்பாவும் அம்மாவும் உடன் ஏறினார்கள். அவளை வழியனுப்பித் திரும்பிய டோக்கன்காரர் மறுநாள் மாலை நாலு பத்து வண்டியை எடுக்க வந்தபோது பலகை தூக்கியபடி நின்றது. இந்தக் கொக்கியிலும் டோக்கன் இல்லை. அந்தக் கொக்கியிலும் இல்லை.

வேறெந்த வீட்டிலும் மகள் வெளிநாட்டுக்கு மறந்து எடுத்துப்போன பொருளால் ஒரு ரயில்வே முடங்கியிருக்காது.

"சரி, புதுசா ஒண்ணு செஞ்சுக்கலாமே. உங்களுக்கு அரை மணி நேரத்து வேலைதானே?" என்றேன்.

"ஒரு செக்‌ஷனுக்கு ரெண்டு டோக்கன் இருந்தா மோதிருமுங்க."

"எதோட எது மோதும்? அவ அயர்லாந்துல இருக்கா."

"இல்லீங்க டீச்சர்." அவர் தூக்கி நின்ற பலகையைக் காட்டினார். "டோக்கன் அவ கையில இருக்குது. செக்‌ஷன் காலின்னு அவ சொல்லுல. விதிப்படி பாத்தா என்ற பொண்ணு இன்னும் இதுக்குள்ளதான் இருக்கறா."

அவ்வளவுதான். ரயில் நின்றது. ரயில் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. செக்‌ஷனில் ஆள் இருப்பதால் எங்களில் யாரும் அந்த நடையில் கால் வைக்கக் கூடாது என்று ஆயிற்று. நாலடி தூரம். கேட்டில் நின்றால் என் அறைக்கதவு தெரியும். ஆனால் நான் தெருவைச் சுற்றி, பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் புகுந்து, அங்கே மேய்ந்த வான்கோழிகளோடு ஒவ்வொரு நாளும் புதிதாக உறவு ஏற்படுத்திக்கொண்டு, வேலி இடுக்கு வழியாக வீடு சேர்ந்தேன். மல்லிகாக்கா பால் தூக்கோடு அதே வழியில் போனார். டோக்கன்காரரும் பட்டறைக்கு அதே வழியில் போனார்.

தோப்புக்காரர் ஒரு நாள் பொறுமை இழந்தார். "ஏனுங்க, உங்க புள்ளை போனது அயர்லாந்துக்கு. ரோடு விழுந்திருக்கறது என்ற தோப்புலயா?"

"கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க மாமா. லீவு கெடைச்சதும் வந்துருவா."

லீவு கிடைக்கவில்லை. முதல் வருடம் ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் வருடம் டிக்கெட் போட்ட பிறகு ஏதோ பரீட்சை குறுக்கே வந்தது. வான்கோழிகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு வழிவிடத் தொடங்கின. வாய் ஓயாமல் அந்த விதியைத் திட்டிய மல்லிகாக்கா ஒரு நாளும் அதை மீறி நடையில் கால் வைக்கவில்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நான் செயலில் இறங்கினேன். பிரச்சினை என்று ஒன்று இருந்தால் தீர்வு என்று ஒன்று இருக்க வேண்டும் என்று நம்புகிற படிப்பு என்னுடையது. பவித்ராவுக்கு போன் செய்து, டோக்கனைக் கூரியரில் அனுப்பச் சொன்னேன்.

"கூரியர்ல தொலைஞ்சிருமுங்க்கா."

"ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பலாமே."

"பித்தளைங்க்கா. ஸ்கேன்ல புடிச்சுக்குவாங்க." பிறகு, "வார்டுக்குள்ள கையில வளையல் போடக் கூடாதுங்க்கா. ரூமுல கதவுக்குப் பின்னால ஒரு கொக்கி இருக்குது, அதுல மாட்டியிருக்கேன். வெளிய போறப்ப எடுத்துப் போட்டுக்குவேன். அப்பா நல்லாருக்காருங்களா?" என்றாள்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. விதிப்புத்தகத்திலேயே ஏதாவது வழி இருக்கும் என்று, டோக்கன்காரர் பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துப் புரட்டினேன். ஆங்கிலப் புத்தகம். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சமாகத்தான் வரும். பக்க ஓரங்களில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தது. நான் தேடியது ஓரம் மடித்து வைத்த ஒரு பக்கத்திலேயே கிடைத்தது. டோக்கன் தொலைந்துபோனால், எழுத்து மூலம் அனுமதிச் சீட்டு ஒன்று கொடுத்து, வண்டியை மெதுவாக ஓட்டலாம். ஒரு துண்டுக் காகிதம் போதும். எதிரே ஓரத்தில் அதன் தமிழ்ப் பொருள் குண்டு குண்டான பள்ளிக்கூடக் கையெழுத்தில் இருந்தது. பவித்ராவின் கையெழுத்து.

அப்பாவுக்கு இந்த விதி தெரியும். இதைப் படித்துச் சொன்னதே மகள்தான். இரண்டு பேரும் இரண்டு வருடமாக வாய் திறக்கவில்லை. ரயில் ஓடாது என்பது அவருடைய பயமில்லை. ஓடிவிட்டால் அவள் போய்விட்டாள் என்று ஆகிவிடும்.

புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் மல்லிகாக்கா நின்றிருந்தார். இதை அக்காவிடம் சொல்வதா, சொன்னால் அவருக்கு வலிக்குமா, சொல்லாமல் விட்டால் அது நேர்மையா என்று என் வழக்கப்படி எடைபோட ஆரம்பித்தேன்.

"என்ன டீச்சர், அந்தப் பக்கத்தப் பாத்துட்டீங்களா?" என்றார் அக்கா. "அத மடிச்சு வச்சதே நாந்தான். அவருக்குக் கண்ணுல படட்டும்னு மடிச்சேன். மறுநாளு பாத்தா நிமித்தி வச்சிருந்தாரு. பெறகு விட்டுறவும் மனசு கேக்கல, வற்புறுத்தவும் மனசு கேக்கல. திரும்ப மடிச்சு, அவரு கண்ணுல படாம புஸ்தகத்த அடியில வச்சிட்டேன். இரிங்க, டீ போடுதேன்."

அன்று நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். ரயில் ஓடாத மலைக்கும் மண் வேண்டியிருந்தது.

மூன்றாம் வருடம் பொங்கலுக்கு முந்தின வாரம் பவித்ரா வந்தாள். டோக்கன்காரர் தேய்த்த சட்டை போட்டுக் கேட்டருகே நின்றார். கார் நின்றதும் அவள் இறங்கி, பெட்டியை எடுக்காமல், நேராக வந்து கையை நீட்டினாள். அவர் வளையலைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, வில்லையின் இரண்டு பக்கமும் பெயரைப் படித்துச் சரிபார்த்தார்.

"டோக்கன் சரிதான். உள்ள வரலாம்."

"ஏட்டி" என்று அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது, "அந்த மனுஷனுக்கு எங்கெங்க கையெழுத்துப் போடணுமோ போட்டுட்டு வா. தோசை ஆறுது."

பிறகுதான் அவர் மகளின் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்க நேரமாயிற்று.

பலகையின் கீல் துருப்பிடித்திருந்தது. தேயிலைமேட்டின் ஒரு சரிவைக் கரையான் தின்றிருந்தது. மூன்று பேரும் நான்கு நாள் உட்கார்ந்து பாதையைச் சரிசெய்தார்கள். நானும் தோப்புக்காரரும் டீ குடித்து உதவினோம். வான்கோழித் தோப்பு வழியாக இனி யாரும் வரமாட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது தோப்புக்காரர் முகம் கொஞ்சம் வாடியது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

பதினெட்டு நாள் லீவு. ஒரு மாலை, இன்ஜினைப் பிரித்து வைத்து அப்பாவும் மகளும் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் குழாயடியில் இருந்தேன். பவித்ரா கையில் இருந்த சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா, எனக்கு அங்க நிரந்தரமாக் குடுத்துட்டாங்க. தனியா ஒரு ஊடும் எடுத்திருக்கேன். நான் அங்கயே இருந்துக்கலாம்னு இருக்கேனுங்ப்பா."

டோக்கன்காரர் சக்கரத்தை வாங்கி எண்ணெய் விட்டார். சுற்றிப் பார்த்தார். மறுபடி விட்டார்.

"அங்க ரயிலு ஓடுதா?"

"ஓடுதுங்ப்பா."

"என்ன கேஜு?"

"தெரியலீங்ப்பா."

"கேட்டுச் சொல்லு."

அவ்வளவுதான் பேச்சு. நான் குடத்தை நிரப்பாமலே அறைக்குத் திரும்பினேன்.

புறப்படும் நாள் வந்தது. மாலை விமானம். பவித்ரா இந்த முறை நடையைக் கடந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, டோக்கனைக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தத் தடவ வண்டி நிக்கக் கூடாதுங்ப்பா" என்றாள். பிறகு விதிப்படி வாயைத் திறந்தாள். செக்‌ஷன் காலி என்று அவள் சொல்லியாக வேண்டும்.

"இரு கண்ணு" என்றார் டோக்கன்காரர். "இப்பச் சொல்லாத. வண்டி அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேந்தாத்தான் செக்‌ஷன் காலி. நீ மொதல்ல போய்ச் சேரு. சேந்துட்டேன்னு சொல்லு. அப்பறம் நான் இங்க வண்டிய எடுக்கறேன்."

"விதியில அப்படி இருக்குதுங்களா?"

"இருக்குது. அந்தப் பக்கத்த நீ எனக்குப் படிச்சுக் காட்டுல."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

மறுநாள் மாலை மணி நாலு பத்தைத் தாண்டியது. வண்டி வேலந்தாவளத்தில் தயாராக நின்றது. பலகை இறக்கியிருந்தது. டோக்கன் அவர் கையில். மல்லிகாக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு தேயிலைமேட்டில் உட்கார்ந்திருந்தார். நான் எந்த வேலையும் இல்லாமல் அங்கே இருந்தேன். ஐந்தரைக்குப் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, ஊடு வந்து சேந்துட்டேன்."

ஊடு என்று அவள் சொன்ன வார்த்தை நடைக்கும் சாளைக்கும் நடுவே நின்றது.

"ஊட்டுக்கே போயாச்சா கண்ணு?"

"ஆமாங்ப்பா. கதவத் தொறந்து உள்ள வந்துட்டேன். நல்லா கதகதப்பா இருக்குது."

"சேரி" என்றார். முந்தின நாள் அவளைச் சொல்லவிடாமல் தடுத்த அந்த இரண்டு வார்த்தையை அவரே சொன்னார். "செக்‌ஷன் காலி."

மல்லிகாக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நிக்காதீங்க, எடுங்க வண்டிய. எவ்வளவு நேரந்தான் மலையில உக்காந்திருக்கது?" என்றார். ரயில் சுவரிலிருந்து வெளியே வந்தது. பலகையைக் கடந்தது. மெதுவாக, மிக மெதுவாக மலை ஏறியது.

கணக்கெடுப்பு முடிந்து நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். அறையைக் காலி செய்தபோது டோக்கனை முறைப்படி கொக்கியில் மாட்டி, சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும், போய்ச் சேர்ந்ததும் அவருக்கு ஒரு போன் செய்துவிடுகிறேன். செய்யாவிட்டால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. எனக்காகக் காத்திராமல் எடுத்துவிடுவாரோ என்று எனக்குத்தான் பயம்.